கிட் கிட்டார் வாங்குனா காசு மிச்சமா? என்னோட 33,500 ரூபாய் கணக்கு



போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருந்தப்போ, புதுசா சேர்ந்த ஒரு தம்பி கேட்டான். "அண்ணா, கடைல எலக்ட்ரிக் கிட்டார் 25,000 சொல்றாங்க. அதே ஷேப்ல கிட் 11,500-க்கு கிடைக்குது. நாமளே மாட்டிக்கிட்டா பாதிக்குப் பாதி மிச்சம்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் அச்சு அசலா இதே கணக்கைத்தான் போட்டேன். அந்தக் கிட்டார் இப்போ என் ரூம் சுவத்துல தொங்குது. அதுக்கு நான் செலவு பண்ணின மொத்தத் தொகை 33,500 ரூபாய். இன்னைக்கு விக்கப் போனா 8,000 கிடைச்சாலே பெருசு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காசு மிச்சம் பண்றதுக்காக கிட் வாங்காதீங்க. கிட்டார் வாசிக்கணும்னா, ரெடியா இருக்குற ஒண்ணை வாங்குங்க. உக்காந்து செய்யுற அந்த வேலைமேலயே உங்களுக்கு ஆசை இருந்தா, தாராளமா கிட் வாங்கலாம். ஆனா முழுக் கணக்கையும் பார்த்துட்டு வாங்குங்க. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு உங்க முன்னாடி வைக்கப் போறேன்.

பெட்டிக்குள்ள என்ன வரும்?

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். வெட்டி வெச்ச மரப் பாடி, ஃப்ரெட் அடிச்ச நெக், கம்பியை முறுக்குற ட்யூனர் ஆறு, பிரிட்ஜ், பிக்கப், வால்யூம் - டோன் பாட், ஸ்விட்ச், ஸ்க்ரூ, ஒயர், ஒரு செட் கம்பி. அவ்வளவுதான். பெயின்ட் இருக்காது. மரம் பச்சையா வரும். சில கிட்ல சால்டரிங் தேவையில்லாம கனெக்டர் வெச்சு சொருகுற மாதிரி இருக்கும், சிலதுல நாமதான் ஈயம் வெச்சு ஒட்டணும்.

இப்படிக் கழட்டி மாட்டுற டிசைன் ஏன் வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனா ஒரு பொருள் கெட்டுப்போனா எப்படிச் சுலபமா சரி பண்றதுன்னு தெரியும். அவர் 1950-ல கொண்டுவந்து, 1951-ல டெலிகாஸ்டர்னு பேர் வெச்ச கிட்டார்ல, நெக்கைப் பாடியோட பசை போட்டு ஒட்டல. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நெக் போச்சுன்னா கழட்டிட்டு வேற மாட்டலாம். 1954-ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான். இன்னைக்கு நாம வாங்குற மலிவு கிட்ல பெரும்பாலானது இந்த ரெண்டு டிசைனோட நகல்தான்.

அதாவது, வீட்ல உக்காந்து மாட்டுறது நிஜமாவே முடியும். அதுல ஏமாத்து எதுவும் இல்ல. பிரச்சனை விலைச்சீட்டுலதான் இருக்கு.

என்னோட பில்

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் சம்பளம் 38,000. டெலிகாஸ்டர் ஷேப் கிட் வாங்கினேன். செலவு இதோ:

- கிட்: 11,500
- உப்புத்தாள், கலர் ஸ்டெயின், லாக்கர் ஸ்ப்ரே: 2,300
- சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர்: 1,450
- ஃப்ரெட் தேய்க்கிற அரம், நேர்ப்பட்டை: 3,200
- எலும்பு நட், நட் அரம்: 1,900
- புது ட்யூனர் செட்: 2,800
- புது பிக்கப் செட்: 5,600
- புது பாட், ஸ்விட்ச், ஜாக், காப்பர் டேப்: 1,400
- கம்பி மூணு செட்: 1,350
- கடைசியா ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட செட்டப் கூலி: 2,000

மொத்தம் 33,500.

இதுல ஒவ்வொரு வரியும் வாங்கும்போது நியாயமாத்தான் தெரிஞ்சது. "11,500 போட்டாச்சு, இன்னொரு 1,400 தானே"ன்னு தோணும். அதுதான் பொறி. போட்ட காசைக் காப்பாத்த இன்னும் கொஞ்சம் போடுறது. நஷ்டத்துல இருக்குற ஷேர்ல "ஆவரேஜ் பண்றேன்"னு திரும்பத் திரும்பக் காசு போடுறவங்களைப் பார்த்து நாம சிரிப்போம். நான் ஒரு கிட்டாருக்கு அதையேதான் பண்ணினேன்.

பெயின்ட்ல ஆரம்பிச்ச தப்பு

நான் பண்ணின முதல் தப்பு, வாசிச்சுப் பார்க்குறதுக்கு முன்னாடியே பெயின்ட் அடிச்சது. எனக்கு நீலக் கலர் கிட்டார் வேணும். பெட்டி வந்த அன்னைக்கே மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். பாடி மேல ஏற்கெனவே மெல்லிசா ஒரு சீலர் பூச்சு இருந்திருக்கு, அங்கங்க பசைக் கறை வேற. அதைச் சரியா தேய்க்காம ஸ்டெயின் போட்டேன். மரம் கலரை ஒரு இடத்துல குடிச்சுது, இன்னொரு இடத்துல குடிக்கல. பாடி பூரா தேமல் வந்த மாதிரி ஆயிடுச்சு.

திரும்பத் தேய்ச்சு, திரும்ப ஸ்டெயின் போட்டு, லாக்கர் அடிச்சேன். அது நவம்பர் மாசம், சென்னை. மழை இல்லாத நாள்தான், ஆனா காத்துல அவ்வளவு ஈரம். லாக்கர் காயும்போது வெள்ளையா பூத்துப் போச்சு. ஈரக் காத்துல லாக்கர் அடிச்சா அப்படி ஆகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மூணாவது தடவை ஜனவரியில வெயில் பார்த்து அடிச்சேன். 800 ரூபாய்ல முடிய வேண்டிய வேலை 2,300 ஆச்சு. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க: தேய்க்கும்போதும் ஸ்ப்ரே அடிக்கும்போதும் மாஸ்க் போடுங்க, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க.

பிரச்சனை ஒண்ணு, வாங்கினது வேற

இதுதான் முக்கியமான பகுதி. மெதுவா படிங்க.

கிட்டாரை மாட்டி முடிச்சு வாசிச்சா, ஸ்ருதி நிக்கவே இல்ல. ஒரு கம்பியைக் கொஞ்சம் இழுத்து வாசிச்சாலே ஸ்ருதி போயிடும். ட்யூனர்தானே கம்பியைப் பிடிக்குது, அப்போ ட்யூனர்தான் மட்டம்னு முடிவு பண்ணிட்டேன். 2,800-க்குப் புது ட்யூனர் வாங்கினேன். மாட்டினேன். அப்பவும் நிக்கல.

சத்தமும் சன்னமா இருந்துச்சு. உடனே பிக்கப் மட்டம்னு 5,600-க்கு ஒரு செட் ஆர்டர் போட்டேன். அதோட சேர்த்து பாட், ஸ்விட்ச் எல்லாம் 1,400.

பாட் வாங்கின கதையும் கேளுங்க. முதல்ல ரிச்சி தெருவுல போய் '250கே' பாட் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுல ஏ, பி-ன்னு ரெண்டு ரகம் இருக்குறதே எனக்குத் தெரியாது. பி ரகத்தை வால்யூமுக்கு மாட்டினேன். முக்கால்வாசி திருப்புற வரைக்கும் சத்தம் பெருசா குறையல, அப்புறம் திடீர்னு அமுங்குது. நம்ம காது சத்தத்தைக் கேக்குற விதத்துக்கு ஒத்துப்போறது ஏ ரகம்தான். அதனால திரும்ப ஒரு செட்.

கடைசியில ஒரு நண்பன் சொல்லி, கிட்டார் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் வாங்கி, ஒரு கம்பியை மெதுவா முறுக்கினார். நட் பக்கத்துல 'டிங்'னு ஒரு சத்தம். "கேட்டியா தம்பி?"ன்னார். கம்பி நட்டோட பள்ளத்துல மாட்டிக்கிட்டு, இழுவை தாங்காம திடீர்னு விடுபடுற சத்தம் அது. "பென்சில் இருக்கா?"ன்னு கேட்டார். கம்பியைத் தளர்த்தி, பள்ளத்துல பென்சில் முனையைத் தேய்ச்சார். கம்பியைத் திரும்ப முறுக்கினார். பாதிப் பிரச்சனை அங்கேயே சரியாயிடுச்சு.

"ட்யூனரை ஏன் மாத்தினே?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல. பழைய ட்யூனர் இன்னும் என் டிராயர்ல இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல.

சன்னமான சத்தத்துக்கும் காரணம் சொன்னார். பிக்கப்போட ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கு. அதைத் திருப்பினா பிக்கப் கம்பிக்குக் கிட்ட ஏறும், சத்தம் கூடும். செலவு பூஜ்யம். புது பிக்கப் நல்லா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் குறை "சத்தம் கம்மி"ங்கிறதுதான். அதுக்கு ஸ்க்ரூ டிரைவரே போதும்.

அவர் "பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தணும், விட்டுட்டுப் போ"ன்னார். நான் "நானே பண்றேன்ணே"ன்னு வீட்டுக்கு வந்து, அரம் வாங்கி, அளவுக்கு மேல ஆழமா தேய்ச்சுட்டேன். கம்பி முதல் ஃப்ரெட்ல இடிச்சு 'ஜர்ர்ர்'னு சத்தம். அப்புறம் எலும்பு நட் வாங்கி, அவர்கிட்டயே திரும்பப் போய் நின்னேன். அவர் நட்டை உக்கார வெச்சு, உயரமா நின்ன ரெண்டு ஃப்ரெட்டைத் தேய்ச்சு, ட்ரஸ் ராடைக் கால் சுத்து திருப்பி, இன்டோனேஷன் சரி பண்ணிக் கொடுத்தார். 2,000 ரூபாய். அன்னைக்குத்தான் அது கிட்டாரா ஆச்சு.

இப்போ பில்லைத் திரும்பப் பாருங்க. நிஜமா தேவைப்பட்டது கிட், பெயின்ட், சால்டரிங் சாமான், ஒரு செட் கம்பி, செட்டப் கூலி. கூட்டிப் பார்த்தா 17,700. மீதி 15,800 ரூபாய் எங்க போச்சு? என்ன பிரச்சனைன்னே கண்டுபிடிக்காம பாகம் வாங்கினதுல போச்சு.

இது எனக்கு மட்டும் நடக்குறது இல்ல. மாசச் சம்பளக்காரங்க எல்லாருக்கும் உள்ள வியாதி. நமக்கு நேரம் கம்மி, ஆனா மாசம் ஒண்ணாம் தேதி காசு வரும். அதனால யோசிக்க வேண்டிய இடத்துல ஆர்டர் போடுறோம். போன் ஸ்லோவா இருந்தா ஸ்டோரேஜைக் காலி பண்ண மாட்டோம், புது போன் பார்ப்போம். உடம்பு ஏறிடுச்சுன்னா நடக்க மாட்டோம், வாட்ச் வாங்குவோம்.

இதுக்கு நான் கொடுத்த உண்மையான விலை

ட்யூனர், பிக்கப், பாட் மூணும் சேர்த்து 9,800. அதைக் கிரெடிட் கார்டுல ஆறு மாச இஎம்ஐ போட்டேன். மாசம் 1,700 கிட்ட போச்சு. அதைச் சமாளிக்க, நான் போட்டுட்டிருந்த 2,000 ரூபாய் எஸ்ஐபி-யை "மூணு மாசம்தானே"ன்னு நிறுத்தினேன். திரும்ப ஆரம்பிக்க எட்டு மாசம் ஆச்சு. நிறுத்துறதுக்கு ஒரு நிமிஷம் போதும். திரும்ப ஆரம்பிக்க மனசு வரணும்.

அந்த நடுவுலதான் அம்மா போன் பண்ணினாங்க. பல் வலி. ரெண்டு வாரமா சொல்லாம இருந்திருக்காங்க. வேர் சிகிச்சை பண்ணி கேப் போடணும், 9,000 ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். "அவசரமில்லடா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னாங்க. என் அக்கவுண்ட்ல அன்னைக்கு இருந்தது 2,300 ரூபாய்.

ரூம்மேட்கிட்ட 7,000 கடன் வாங்கி அனுப்பினேன். அவன் ஒண்ணும் சொல்லல, கொடுத்தான். ஆனா போன்ல காசு அனுப்பும்போது என் அலமாரி மேல அந்த பிக்கப் பெட்டி இருந்துச்சு. சீல் கூட பிரிக்கல. எனக்கு அப்போ சால்டரிங்கே தெரியாது. கத்துக்காத வேலைக்கான பாகத்தை இஎம்ஐ-ல வாங்கி வெச்சுட்டு, அம்மாவோட பல்லுக்குக் கடன் கேட்டு நின்னேன்.

பொழுதுபோக்கே கூடாதுன்னு நான் சொல்லல. பொழுதுபோக்கை இஎம்ஐ-ல வாங்கக் கூடாது. அவசர கால நிதி இல்லாம ஆரம்பிக்கக் கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

அப்போ நேரத்துக்கு என்ன கணக்கு?

குயின் இசைக்குழுவோட கிட்டாரிஸ்ட் பிரையன் மே கதையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கடைல கிட்டார் வாங்க வசதி இல்லாம, 1963-ல அவரும் அவர் அப்பா ஹெரால்டும் வீட்லயே ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாங்க. நெக்குக்குப் பழைய கணப்படுப்போட மரச்சட்டம். ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஸ்பிரிங். ஃப்ரெட் போர்டுல புள்ளி வைக்கப் பொத்தான். அந்த 'ரெட் ஸ்பெஷல்' கிட்டாரைத்தான் வாழ்நாள் பூரா மேடையில வாசிச்சுட்டு இருக்கார்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் "பாரு, காசே இல்லாம செஞ்சிருக்கார்"னு நம்மை உசுப்பேத்துவாங்க. ஆனா அதைச் செய்ய அவங்களுக்குக் கிட்டத்தட்ட 2 வருஷம் ஆச்சு. கூட இருந்த அப்பா எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். காசு செலவு கம்மி, நேரமும் திறமையும் ஏராளம்.

நான் என் கிட்டாருக்குச் செலவு பண்ணின நேரம் சுமார் 70 மணி நேரம். என் அன்றைய சம்பளத்தை மணிக்குப் பிரிச்சா 216 ரூபாய். 70 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல வருது. அதையும் சேர்த்தா கிட்டார் விலை 48,000-ஐத் தாண்டும்.

ஆனா அந்த 15,000-ஐ நான் செலவுல எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல மொட்டை மாடியில உக்காந்து மரம் தேய்ச்ச நேரத்துல, ஒரு தடவை கூட ஆபீஸ் மெயில் ஞாபகம் வரல. முதல் தடவை நானே சால்டர் பண்ணி, ஆம்ப்ல சொருகி, சத்தம் வந்த அந்த நிமிஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நான் காசு கொடுத்து வாங்கினது அந்த 70 மணி நேரத்தைத்தான். கிட்டார் கூட வந்துச்சு.

இதையே நீங்க உங்களுக்கு வெச்சுக்கிற பரீட்சையா எடுத்துக்கங்க. "70 மணி நேரமா!"ன்னு மலைப்பா இருந்தா, கிட் உங்களுக்கு இல்ல. "70 மணி நேரம் கிடைக்குமா?"ன்னு ஆசையா இருந்தா, கீழே உள்ளதைப் படிச்சுட்டு வாங்குங்க.

வாங்குறதா இருந்தா, அஞ்சு விதி

1. கிட் விலையைப் போல ரெண்டு மடங்கு காசு தனியா சேர்த்த பிறகுதான் ஆர்டர். 11,500 கிட்டுன்னா 23,000. "அதுக்கு கடைல ரெடியாவே கிடைக்குமே?"ன்னு கேட்டா, ஆமா, அதைத்தான் இவ்வளவு நேரமா சொல்றேன். இதுல மிச்சம்னு ஒண்ணு கிடையாது. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதியும், நடந்துட்டிருக்கிற எஸ்ஐபி-யும் இந்தக் கணக்குக்குள்ள வரவே கூடாது.

2. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா மாட்டி வாசிச்சுப் பாருங்க. நெக் நேரா உக்காருதா, ரெண்டு ஓரக் கம்பியும் நெக்கோட விளிம்பைத் தாண்டிப் போகாம இருக்கான்னு பாருங்க. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஷேப்ல கம்பி நீளம் 648 மில்லிமீட்டர். நட்டுல இருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் 324 இருக்கணும். பிரிட்ஜுக்கு ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. தப்பு இருந்தா, இந்த நிலையிலயே திருப்பி அனுப்பலாம். பெயின்ட் அடிச்ச பிறகு யாரும் வாங்க மாட்டாங்க.

3. கிட்ல வந்த பாகத்தோடயே 30 நாள் வாசிங்க. ஒரு நோட்டுல குறையை எழுதுங்க, பக்கத்துல காரணம் எழுதுங்க. காரணம் தெரியாத குறைக்குக் காசு செலவு பண்ணாதீங்க.

4. முதல்ல செலவில்லாத வைத்தியம். நட்டுல பென்சில், பிக்கப் உயரம், சாடிலை நகர்த்துறது. 12-வது ஃப்ரெட்ல அமுக்கி வாசிச்சா வர்ற ஸ்ருதி, அதே இடத்துல ஹார்மானிக்ஸ்ல வர்றதை விட ஏறி இருந்தா, சாடிலைப் பின்னாடி தள்ளுங்க. குறைஞ்சிருந்தா முன்னாடி கொண்டுவாங்க. இதுக்குப் போன்ல ஒரு ட்யூனர் ஆப் போதும். அடுத்தது கைத்தொழில் தெரிஞ்சவர்கிட்ட ஒரு செட்டப். பாகம் மாத்துறது கடைசி.

5. விக்கிற எண்ணத்தோட செய்யாதீங்க. தலைப்பகுதியில பேர் இல்லாத கிட்டாருக்கு, அதுல 5,600 ரூபாய் பிக்கப் இருந்தாலும், வாங்குறவர் விலை தர மாட்டார். பேர் தெரிஞ்ச ஆரம்ப நிலை கிட்டாரை வாங்கினா, ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்வம் போயிட்டாலும் ஓரளவு காசு திரும்பும். வாசிக்க மட்டும் ஆசைப்படுறவங்களுக்கு, நல்ல நிலையில இருக்குற செகண்ட் ஹேண்ட் கிட்டார்தான் என் சிபாரிசு. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட கூட்டிட்டுப் போங்க.

தம்பிக்குச் சொன்ன பதில்

கேன்டீன்ல அந்தத் தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். "உனக்கு வாசிக்கணுமா, செய்யணுமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "வாசிக்கணும்ணே. காலேஜ்ல ஃப்ரெண்டோட கிட்டார்ல நாலு கார்ட் கத்துக்கிட்டேன்"னான். அப்போ கிட் வேணாம்னு சொல்லிட்டேன். இப்போ மாசம் 3,000 தனியா எடுத்து வைக்கிறான். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறோம். அதுவரைக்கும் வாசிச்சுப் பழகுன்னு என் நீலக் கிட்டாரைக் கொடுத்திருக்கேன்.

வாங்கிட்டுப் போன மறுநாளே மெசேஜ் போட்டான். "அண்ணா, அஞ்சாவது ஃப்ரெட்ல லேசா ஜர்ருங்குது. எதை மாத்தணும்?"

"ஒண்ணும் மாத்தாத. முதல்ல எந்தக் கம்பின்னு பார்த்து நோட்டுல எழுது"ன்னு பதில் போட்டேன்.

நீங்களும் உங்க பொழுதுபோக்குக்கு இதுவரை செலவு பண்ணினதை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. கேமராவோ, சைக்கிளோ, கேமிங் கம்ப்யூட்டரோ, எதுவா இருந்தாலும் சரி. தேவைப்பட்டது ஒரு பக்கம், பதட்டத்துல வாங்கினது இன்னொரு பக்கம். ரெண்டாவது பக்கத்தோட கூட்டுத்தொகையைப் பார்த்துட்டு, அடுத்த ஆர்டர் போடுங்க. அடுத்த வாரம் வேற ஒரு கணக்கோட சந்திப்போம்.